கடைசல் மரக்கலன் மூடி

கடைசல் மரக்கலன் மூடி என்பது, கடைசல் பொறியில் சுழற்றிக் கடைந்து உட்குடையப்பட்ட மரக்கலன் ஒன்றின் வாயை மூடுவதற்காக, அதே முறையில் கடைந்து செய்யப்படும் உறுப்பு ஆகும். குங்குமச் சிமிழ், நகைச் செப்பு, மருந்துக் குப்பி, தேயிலைத்தூள் கலன் போன்றவற்றில் இத்தகைய மூடிகளைக் காணலாம். மரம் காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் பொருளாதலால், செய்த நாளில் சரியாகப் பொருந்திய மூடி சில மாதங்களில் இறுகிப்போகவோ கழன்று ஆடவோ கூடும். இதனால் மூடியை வடிவமைப்பது தோற்றம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. மரத்தின் இழைத் திசை, உலர்வு, வாயின் விட்டம், கலனின் பயன் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கருத வேண்டிய ஒன்றாகும்.

சொற்கள்

தமிழில் "கடைதல்" என்னும் சொல் மோர் கடைவதையும் மரம் கடைவதையும் குறிக்கின்றது. மத்தைக் கயிற்றால் முன்னும் பின்னும் சுழற்றுவது போலவே, பழைய கைக் கடைசல் பொறியிலும் மரத்துண்டைச் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுத்துச் சுழற்றுவர். மூடியுள்ள சிறு கலன்கள் சிமிழ், செப்பு எனப்படுகின்றன. இக்கட்டுரையில், கலனின் வாயில் மூடி அமரும் படிவெட்டு "படி" என்றும், மூடியிலோ கலனிலோ மற்றதனுள் நுழையுமாறு நீண்டிருக்கும் வளைய வடிவப் பகுதி "கழுத்து" என்றும் குறிக்கப்படுகின்றன.

வரலாறும் பரவலும்

மூடியுள்ள கடைசல் மரக்கலன்கள் பல நாடுகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்துள்ளன. 1545 இல் மூழ்கி, 1982 இல் கடலிலிருந்து உயர்த்தப்பட்ட மேரி ரோசு என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இருந்த அறுவை மருத்துவரின் பெட்டியில், களிம்பு வைக்கப்பட்ட கடைசல் மரக்கலன்கள் கண்டெடுக்கப்பட்டன.

யப்பானியத் தேநீர்ச் சடங்கில் பச்சைத் தேயிலைத்தூளை வைக்கப் பயன்படும் நட்சுமே என்னும் கலன், மரத்தில் கடைந்து அரக்குச்சாயம் பூசப்படுவதாகும். இலந்தை வகைப் பழம் ஒன்றின் வடிவை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. இதன் மூடியில் குமிழ் கிடையாது. கலனின் மெல்லிய உட்கழுத்தின் மேல் மூடி கவிந்து அமர்கின்றது. இசிகாவா மாகாணத்திலுள்ள யமனாகா மரக்கடைசலுக்குப் பெயர்பெற்ற ஊராகும்.

இந்தியாவில் கருநாடக மாநிலத்தின் சன்னபட்டணம், ஆந்திரப் பிரதேசத்தின் ஏட்டிகொப்பாக்கா ஆகிய ஊர்கள் அரக்கு பூசிய கடைசல் பொருட்களுக்குப் புகழ்பெற்றவை. தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்தின் அம்பாசமுத்திரம், மரச் செப்புச் சாமான்களுக்கு அறியப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் டேவிட் எல்சுவர்த்து என்பவர் சிறிய வாயின் வழியே வளைந்த கருவிகளைச் செலுத்தி, மெல்லிய சுவர் கொண்ட உட்குடைவுக் கலன்களைக் கடைந்தார். இவ்வகைக் கலன்களுக்கான மூடியே இன்றைய கடைசல் கலைஞர் பலரின் ஈடுபாட்டுக்கு உரியதாக உள்ளது. செருமனியைச் சேர்ந்த ஆன்சு வைசுபிளோக்கு நுட்பமான சிறு பெட்டிகளுக்காகவும், ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சிண்டி டிரோசுடா உயர்ந்த நுனிக் குமிழ் கொண்ட மூடிகளுக்காகவும் அறியப்படுகின்றனர்.

மரத்தின் அசைவு

மரம் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்துக்குக் கீழே உலரும்போதுதான் சுருங்கத் தொடங்குகின்றது. இச்சுருக்கம் மூன்று திசைகளிலும் சமமாக இருப்பதில்லை. ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் சுருக்கம் மிகுதி. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரைத் திசையில் அதைவிடக் குறைவு. இழையின் நெடுக்கில் பெரும்பாலும் புறக்கணிக்கத்தக்க அளவே.

தேக்கு மரம் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை தொடுதிசையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், ஆரைத் திசையில் 2.5 விழுக்காடும் சுருங்குகின்றது. சர்க்கரை மேப்பிள் மரத்தில் இவை முறையே 9.9, 4.8 விழுக்காடு ஆகும். இவ்வளவுகளிலிருந்து ஒரு மூடியின் அசைவைக் கணக்கிடலாம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தேக்கு மூடி ஒன்றின் ஈரம் 5 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாகக் கொண்டால், அது தொடுதிசையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும், ஆரைத் திசையில் 0.4 மில்லிமீட்டரும் சுருங்கும். வட்டமாகக் கடையப்பட்ட மூடி நீள்வட்டமாக மாறிவிடும். வாயின் விட்டம் 30 மில்லிமீட்டர் மட்டுமே எனில், அதே மாற்றத்தில் இரு திசைகளுக்கும் இடையிலான வேறுபாடு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவே. சிறு வாயுள்ள கலனுக்கு இறுக்கமான மூடி செய்ய முடிவதும், அகன்ற கலனுக்கு முடியாமற் போவதும் இதனாலேயே.

இழைத் திசையின் பங்கு

கலனின் அச்சு மரத்தின் நெடுக்கு இழைக்கு இணையாக இருந்தால், வாயின் குறுக்கே ஆரைத் திசையும் தொடுதிசையும் அமைகின்றன; இரண்டும் சுருங்குவதால் நீள்வட்டத் தன்மை ஓரளவே தோன்றும். அச்சு இழைக்குக் குறுக்காக இருந்தால், வாயின் ஒரு விட்டம் இழையின் நெடுக்கில் அமைவதால் அது மாறுவதில்லை; அதற்குச் செங்குத்தான விட்டம் மட்டும் மாறுகின்றது. எனவே இறுக்கமான மூடி தேவைப்படும் கலன்களுக்கு நெடுக்கிழை அமைப்பே பொதுவாக ஏற்றது. யமனாகாக் கடைசற்காரர்கள் மரத்தை நெடுக்கிழையாக நிறுத்திக் கடையும் முறையைக் கையாள்வதற்கு, திரிபு குறைவு என்பதும் ஒரு காரணமாகும்.

மூடியும் கலனும் ஒரே துண்டிலிருந்து, ஒரே இழைத் திசையில் எடுக்கப்பட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே பக்கமாக அசையும். அப்போது மூடியை அதன் பழைய நிலையில் வைத்தால் பொருந்தும். கால் சுற்றுத் திருப்பி வைத்தால் மாட்டிக்கொள்ளும்.

பொருந்தும் முறைகள்

உள்ளமர் மூடி: மூடியின் அடியிலுள்ள கழுத்து கலனின் வாயினுள் இறங்கும். குறுகிய வாயுள்ள உட்குடைவுக் கலன்களுக்கு இதுவே இயல்பானது.

மேற்கவி மூடி: கலனின் கழுத்து மேலெழுந்து நிற்க, மூடி அதன் மேல் கவியும். சிமிழ்களிலும் நட்சுமேயிலும் காணப்படுவது. உள்ளிருக்கும் தூள் மூட்டில் சேர்வது இதில் குறைவு.

இருக்கை மூடி: படியின் மேல் மூடி தன் எடையால் மட்டும் அமர்ந்திருக்கும். சுற்றிலும் தாராளமான இடைவெளி விடப்படுவதால் மரத்தின் அசைவை எளிதில் தாங்கும். அகன்ற கலன்களுக்கு ஏற்றது.

திருகு மூடி: கையால் பிடிக்கும் புரிவெட்டுக் கருவி கொண்டு, கழுத்தில் திருகுப்புரி வெட்டப்படும். புரி உதிராமல் நிற்க வேண்டுமாதலால் பாக்சு மரம், ஆப்பிரிக்கக் கருமரம் போன்ற அடர்த்தியும் நுண்ணிழையும் உடைய மரங்களே இதற்கு ஏற்றவை. அங்குலத்துக்கு 16 புரிகள் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகளுள் ஒன்று.

இறுக்கத்தின் அளவு

கழுத்தின் பக்கங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், மூடியைத் தூக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சல் தோன்றும். மூடி மெல்ல வழுக்கி வந்து, இறுதியில் சிறு ஒலியுடன் விடுபடும். பக்கங்கள் சிறிதளவு சாய்வாக இருந்தாலும் இவ்வுறிஞ்சல் கிடைக்காது. தொடக்கத்தில் இறுக்கமாகத் தோன்றும் மூடி, சற்றே உயர்ந்தவுடன் முற்றும் கழன்றுவிடும்.

எந்த அளவு இறுக்கம் வேண்டும் என்பதைக் கலனின் பயனே தீர்மானிக்கின்றது. உறிஞ்சல் கொண்ட மூடியைத் திறக்க இரு கைகளும் தேவை; ஒரு கையால் தூக்கினால் கலனும் உடன் எழும்பிவரும். நாள்தோறும் ஒரு கையால் திறக்கப்படும் குங்குமச் சிமிழுக்கு எளிதில் கழலும் மூடியே நன்று. பையில் எடுத்துச் செல்லும் மருந்துக் குப்பிக்கு இறுக்கமோ திருகோ வேண்டும்.

வடிவமைப்பு

மூடியின் புறவடிவம், கலனின் தோள்வளைவைத் தொடர்வதாகவோ, தெளிவாக அதிலிருந்து வேறுபடுவதாகவோ அமைக்கப்படும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை பிழை போலத் தோன்றும். உருளை வடிவச் சிமிழ்களில் மொத்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூடிக்கு ஒதுக்குவது பரவலான வழக்கு. சரிபாதியாகப் பிரிப்பதைப் பெரும்பாலோர் தவிர்க்கின்றனர்.

மூட்டு அமையும் இடத்தில் ஒரு சிறு வரிப்பள்ளமோ மணிவிளிம்போ வெட்டுவது பயன் மிக்கது. மூடியும் கலனும் பின்னாளில் சிறிது நீள்வட்டமானாலும், விளிம்புகளின் விலகல் அப்பள்ளத்தின் நிழலில் மறைந்துவிடும். விரலுக்குப் பிடிப்பும் கிடைக்கும்.

குமிழ் உள்ள மூடியில், அதன் அடிப்பகுதி விரல்நுனிகள் நழுவாதவாறு உட்குறுகியிருக்க வேண்டும். கலசம் போன்ற உயர்ந்த குமிழைத் தனியே கடைந்து, சிறு முளை கொண்டு மூடியில் ஒட்டுவதுண்டு. மெல்லிய குமிழுக்கு நெடுக்கிழை மரமே பயன்படுத்தப்படும். குறுக்கிழையானால் எளிதில் முறியும்.

வாயின் மரம் மென்மையானதாகவோ விரிசல் உடையதாகவோ இருந்தால், அடர்ந்த மரத்தில் வளையம் ஒன்றைக் கடைந்து வாயில் பதித்து, மூடியை அவ்வளையத்தில் அமர்த்தலாம். வளையத்தின் இழைத் திசை கலனின் இழைத் திசையோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் வளையம் விலகவோ வாயைப் பிளக்கவோ கூடும்.

செய்முறை

ஒரே துண்டிலிருந்து சிமிழும் மூடியும் செய்வதற்கான வழக்கமான படிமுறை பின்வருமாறு:

1. மரத்துண்டு உருளையாகக் கடையப்பட்டு, இரு முனைகளிலும் பிடிப்புக்கான முளைகள் வெட்டப்படும்.
2. மூடிப்பகுதி மெல்லிய பிரிப்புளியால் வெட்டிப் பிரிக்கப்படும். வெட்டு மெல்லியதாக இருந்தால் மரவரிகள் மூட்டைத் தாண்டித் தொடர்வதுபோலத் தோன்றும்.
3. இரு பகுதிகளும் முரடாக உட்குடையப்பட்டுச் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் வைக்கப்படும். உட்பகுதி நீங்கியதால் தோன்றும் திரிபு இக்காலத்தில் வெளிப்படும்.
4. மூடியின் உட்புறம் முடிக்கப்பட்டு, அதன் உட்பக்கம் இணையாக உள்ளதா எனக் காலிப்பரால் சரிபார்க்கப்படும்.
5. கலனின் கழுத்து, மூடி இறுக்கமாகப் பிடிக்கும் அளவுக்குக் கடையப்படும். இவ்விறுக்கத்தையே பிடிப்பாகக் கொண்டு மூடியின் மேற்புறமும் மூட்டின் வெளிவளைவும் ஒன்றாகக் கடையப்படும்.
6. மூடி நீக்கப்பட்டுக் கலனின் உட்புறம் முடிக்கப்படும். அதன்பின்னரே கழுத்து சிறிது சிறிதாகச் சீவப்பட்டு வேண்டிய தளர்வுக்குக் கொண்டுவரப்படும்.
7. கலனைத் தலைகீழாக ஒரு மரப்பிடிப்பில் பொருத்தி அடிப்பாகம் முடிக்கப்படும்.

ஐந்தாம் படியில் இறுக்கம் தேவை. ஆறாம் படியில் தளர்வு தேவை. இவ்வரிசை மாறினால் மூடியின் மேற்புறத்தைக் கடையப் பிடிப்பு இல்லாமற் போகும்.

குறுகிய வாயுள்ள உட்குடைவுக் கலனில் வரிசை சிறிது வேறுபடும். கலனின் புறமும் அகமும் முடிந்து, மரம் நன்கு உலர்ந்த பின்னரே வாய் இறுதியாக வட்டமாக்கப்பட்டு, அதன் அளவுக்கு மூடி தனியே கடையப்படும். உப்புத்தாளால் தேய்க்கும்போது உண்டாகும் வெப்பம் மெல்லிய விளிம்பைத் தற்காலிகமாகத் திரிக்கும் என்பதால், சூடு ஆறிய பிறகே பொருத்தம் பார்க்கப்படும்.

மரத் தெரிவு

தேக்கு அசைவு குறைந்த மரம் ஆதலால் அகன்ற மூடிகளுக்கு ஏற்றது. சன்னபட்டணத்திலும் ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரம் பயன்படுகின்றது. வெண்மையும் நுண்ணிழையும் உடைய இம்மரம் அரக்குப் பூச்சின் நிறத்தைக் கெடுப்பதில்லை. ஈட்டி, ஆப்பிரிக்கக் கருமரம் ஆகியவை அடங்கிய தால்பெர்சியாப் பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இம்மரங்களின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சுப்பாதையிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். முகமூடி அணிந்து கடைதல் வேண்டும்.

மேற்பூச்சு

இந்திய அரக்கு வேலையில், நிறமூட்டிய அரக்குக் குச்சி சுழலும் கலனின் மேல் அழுத்தப்படும். உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் பரவும். பின்னர் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றப்படும். மூட்டின் உட்பக்கங்களில் பூச்சு படிந்தால் அதன் தடிப்பே மூடியை இறுக்கிவிடும். எனவே அவ்விடங்களை வெறுமையாகவோ மெழுகு மட்டும் தடவியோ விடுவர். மூடிய கலனின் உட்புறத்தில் ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றைப் பூசினால் மணம் வெளியேறாமல் நெடுநாள் தங்கும். உள்ளிருக்கும் பொருளையும் அது பற்றும்.

பொதுவான குறைபாடுகள்

மூடி மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளுதல்: வறண்ட காலத்தில் மிக இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருத்தல், அல்லது மூடிக்கும் கலனுக்கும் வெவ்வேறு இழைத் திசை.

மூடி ஆடுதல்: உலராத மரத்தில் செய்யப்பட்டிருத்தல், அல்லது கழுத்து சாய்வாக அமைதல்.

மூட்டில் இடைவெளி தெரிதல்: மூடி அமரும் தளத்தின் உட்பகுதி உயர்ந்திருத்தல். அத்தளத்தை உள்நோக்கிச் சற்றே தாழ்வாக வெட்டினால் வெளி விளிம்புகள் நெருங்கிச் சேரும்.

கலனின் வாய் பிளத்தல்: மாட்டிக்கொண்ட மூடியை நெம்பித் திறத்தல். கலனை வறண்ட இடத்தில் சில நாட்கள் வைத்திருந்தால் மூடி பெரும்பாலும் தானே தளர்ந்துவிடும்.

இவற்றையும் பார்க்க

கடைசல் பொறி
சிமிழ்
அரக்கு
சன்னபட்டணப் பொம்மைகள்
தச்சுத் தொழில்