சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்



வேலையிடத் தலைமைத்துவம் பற்றி எந்தக் கருத்துக்களம் நடந்தாலும், "நல்ல தலைவருக்கு என்ன தகுதி வேண்டும்?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். ரவாங்கில் வளர்ந்தவள் என்பதால் என் கையில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் எங்கள் ஊர் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரத்தைக் கொண்டு வந்தார்கள். மலாயாவின் மின்சார வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. துணிச்சல், தொலைநோக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால், அந்தச் சுரங்கத்தில் மண் சுமந்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

அதனால் இன்று கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் எதை எதிர்பார்க்கிறார்? இதற்கு நம் நாட்டிலேயே எழுத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைப் பட்டியல்தான் அது.

அப்போது ஓர் ஆணுக்கு நாள் கூலி ஐம்பது காசு. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். போர்க்காலம் என்பதால் ரப்பருக்கு நல்ல கிராக்கி, விலைவாசியும் ஏறிக்கொண்டிருந்தது. சீனருக்கு இணையான கூலி கேட்டதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி, முறையான மருத்துவம், நீண்ட வேலை நேரத்துக்கு முடிவு, சங்கம் அமைக்க உரிமை ஆகியவையும் பட்டியலில் இருந்தன. கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. துரையின் முன்னாலும் கிராணியின் முன்னாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்!

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து முடித்தவர். பல மாதம் காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்குகிறார். வேலை முடிந்து வீட்டுக்குத்தான் போகிறார். எதிரே துரை வந்தால் இறங்க வேண்டும். கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். இறங்கி நிற்பதால் ஒரு சொட்டுப் பாலாவது கூடுதலாக வடியுமா? யார் பெரியவர் என்று தினமும் காட்டிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை.

இதில் நமக்குச் சங்கடமான ஒரு செய்தியும் உண்டு. கொடுமை செய்யும் ஆசிய அலுவலர்களை நீக்க வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. துரை எப்போதாவது குதிரையிலோ காரிலோ வருவார். அன்றாடம் அதட்டியவர் கிராணி, கங்காணி, தண்டல். இவர்களில் பலர் நம்மவர்களே. மேலிடத்தில் வாங்கிய திட்டை அப்படியே கீழே இறக்கி வைப்பதுதான் அவர்கள் கற்ற நிர்வாகம்.

டிப்ளோமா படிக்கப் போவதற்கு முன் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எட்டு மாதம் வேலை செய்தேன். கழிவறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் ஓர் அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். முப்பது பேருக்கு ஒரே அட்டை. அது அவர் சட்டைப்பையில் இருக்கும். அவரும் எங்களைப் போல லைனில் நின்று உயர்ந்தவர்தான். 1941 பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வந்தது.

வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆர்.எச்.நாதன். தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகையாளர். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அல்லர். என்றாலும், மேசையில் உட்கார்ந்து கோரிக்கை எழுதுகிறவருக்குக் கூலியும் மருத்துவமும் தோன்றும், சைக்கிள் தோன்றாது. லயத்து வாசலில் உட்கார்ந்து காது கொடுத்தால்தான் அது பட்டியலில் ஏறும் என்பது என் எண்ணம். தலைமைத்துவப் பயிற்சிகளில் பேசக் கற்றுத் தருகிறார்கள். கேட்கக் கற்றுத் தருவது குறைவு.

முதலாளிகள் தரப்பு இதைக் காசுப் பிரச்சினையாகவே பார்த்தது. கூலியைக் கொஞ்சம் கூட்டினால் அடங்கிவிடும் என்று நினைத்தது. அடங்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிள்ளானுக்கு நடந்தார்கள். வேலை நிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஏழு மாதம் கழித்து, டிசம்பரில், ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். துரைமார் பலர் பங்களாவைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூர் பக்கம் கிளம்பினார்கள். தொழிலாளர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.