கொம்பு முந்தியா, எழுத்து முந்தியா?

'விகடகவி'யைப் பின்னாலிருந்து வாசித்தாலும் விகடகவிதான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் இந்தச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு அரேயில் அடுக்கி, 'ரிவர்ஸ்' கொடுத்து, திரும்ப ஒட்டிப் பாருங்கள். முன்னுக்கு ஒரு இகரக் குறி, பிடிக்க மெய்யில்லாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். நடுவில் இருந்த 'க' 'கி' ஆகிவிடும். எங்களுக்கு இது ஐந்து எழுத்து. அரேக்கு ஏழு உருப்படி.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கு. எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று யாரோ ஒரு காலத்தில் முடிவெடுத்ததைத்தான் நாங்கள் இன்றைக்கு விசைப்பலகையில் தட்டுகிறோம்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மாலைமாற்றுப் பாடியபோது அவருக்கு அலகு உயிர்மெய் எழுத்துத்தான். குறியையும் மெய்யையும் யாரும் தனித்தனியாக எண்ணவில்லை. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைச் செய்தார். அடுத்த வருடம் நெட்ஸ்கேப் நவிகேட்டர் 3 வந்தபோது அரேக்கு 'ரிவர்ஸ்' கிடைத்தது. 1997 ஜூனில் அது நியமமும் ஆனது. அந்த அவசரத்தில் தமிழ் எழுத்தைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள்?

ஆனால் பழியை முழுதாக அங்கே போடுவதும் சரியில்லை. எங்கள் எழுத்துக்கே இரண்டு வரிசை உண்டு. கையால் 'கெ' எழுதும்போது கொம்பு முந்தி, ககரம் பிந்தி. வாயால் சொல்லும்போது மெய் முந்தி, உயிர் பிந்தி. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் சொல்வது இந்த ஒலி வரிசையை. தட்டச்சுப் பொறி கையின் பக்கம் நின்றது. அதன் வழியில் வந்த பாமினியும் அப்படித்தான். 'கொ' வேண்டுமென்றால் என், எஃப், எச் என்று மூன்று விசை: கொம்பு, ககரம், அரவு. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் கோப்புக்குள் கிடப்பதும் அந்த மூன்று ஆங்கில எழுத்துகள்தான். கிழக்கில் எத்தனையோ கல்யாணக் காட்டும் விழா மலரும் ஜனாஸா அறிவித்தலும் இப்படித்தான் அடிக்கப்பட்டன.

1991இல் வந்த யுனிகோட், இந்தியாவின் இஸ்கி முறையைப் பின்பற்றி ஒலியின் பக்கம் நின்றது. அது சரியான முடிவு என்றே நாங்கள் நினைக்கிறோம். அகரவரிசைப்படுத்த, தேட, எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி. செலவு மட்டும் பாமினியில் வருடக்கணக்காக அடித்தவர்களின் தலையில். பழைய கோப்பு ஒவ்வொன்றிலும் கொம்பையும் மெய்யையும் இடம் மாற்ற வேண்டும். இரண்டே உருப்படியுள்ள ஒரு 'ரிவர்ஸ்'. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி போன்றவை இந்த வேலையைத்தான் செய்தன.

இதிலும் ஒரு பொறி இருக்கு. யுனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒற்றைக் குறியும், அல்லது ககரம், கொம்பு, அரவு என்று மூன்றாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சாதாரணத் தேடலுக்கு வேறு வேறு. ஒரு விதத்தில் அடித்த 'கொழும்பு' மற்ற விதத்தில் தேடினால் அகப்படாது.

எங்கள் ஊரில் இது விளையாட்டுக் கதை இல்லை. 2020இல் கொரோனாவில் மௌத்தானவர்களைக் கட்டாயமாக எரித்த நாடு இது. 2021 பெப்ரவரி கடைசியில் அடக்க அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் 3,600க்கும் மேற்பட்டோர் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பிற சமயத்தவர்களும். கொழும்பிலிருந்து வரும் ஒரு மகளுக்கு இங்கே சொந்தம் யாருமில்லை. வாப்பாவின் பேரும் ஊரும் திகதியும்தான் அவளிடம் உள்ள முகவரி.

இப்படியொரு பட்டியலை ஒருவர் இணையத்தில் ஏற்றுகிறார் என்று வையுங்கள். அடக்கிய வரிசையில் அரே. கடைசியாக அடக்கியவர் திரையில் மேலே வரட்டும் என்று 'ரிவர்ஸ்' கொடுக்கிறார். ஜாவாஸ்கிரிப்டின் 'ரிவர்ஸ்' புதுப் பிரதி ஒன்றைத் தராது. மூல அரேயையே புரட்டிப் போட்டுவிடும். இலக்கம் அரேயின் இடத்தைப் பார்த்து வருவதென்றால், முதலாவதாக அடக்கப்பட்டவருக்குக் கடைசி இலக்கம் விழும்.

மூலத்தைத் தொடாமல் பிரதியைப் புரட்டும் 'டு-ரிவர்ஸ்ட்' 2023ஆம் ஆண்டு நியமத்தில்தான் வந்தது. அதற்கு முன் 'ஸ்லைஸ்' போட்டுப் பிரதி எடுத்துவிட்டுத்தான் புரட்ட வேண்டும். 'கொ'வின் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் 'நோர்மலைஸ்' 2015இலேயே வந்துவிட்டது. பேரைப் பட்டியலில் ஏற்றும்போதும் ஒருக்கா, தேடும்போதும் ஒருக்கா அதைக் கூப்பிட வேண்டும். உயிர்மெய்யை உடைக்காமல் பிரிக்கும் 'செக்மென்டர்' குரோமில் 2020இல் வந்தது, பயர்பொக்சில் 2024இல். அதைக் கொண்டு பிரித்துப் புரட்டினால் விகடகவி விகடகவியாகவே வரும். ஆனால் 'க்ஷ'வை அது இன்னும் இரண்டாகத்தான் வெட்டுகிறது.