1638: கீழ்க்கரையில் எழுதப்பட்ட உடன்படிக்கை

1638ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள், ஸ்கொத்துலாந்தின் எடின்பரோ நகரிலே, முதலாம் சாள்ஸ் மன்னன் சுமத்திய வழிபாட்டு முறையை மறுத்துப் பிரபுக்கள் பலர் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அவ்வாண்டிலேயே இலங்கையின் கீழ்க்கரையிலும் ஓர் உடன்படிக்கை எழுந்தது. இதனையோ மன்னனே விரும்பித் தேடினான்.

கண்டியரசின் கடல்வாயில் மட்டக்களப்பு. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டிக்குச் சென்றதும் இவ்வழியேயாம். அவ்வாயிலை அடைக்கவே போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். அதனைத் திறக்க எண்ணிய இரண்டாம் இராஜசிங்கன், பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு 1636இல் ஓலை விடுத்தான்.

அவர்தம் உதவி வந்து சேருமுன்னரே போர் மூண்டது. போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெல்லோ கண்டிமீது படையெடுத்து, ஆளொழிந்து கிடந்த நகரை எரித்து மீண்டான். மார்ச் 28இல் மகாவலிக்கரைக் கன்னொறுவையில் அவன் படை வளைக்கப்பட்டது. லஸ்கரின் வீரர் பலர் கட்சி மாறினர், தளபதியும் மாண்டான். மே மாதத்தில் வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தான்; 18ஆம் நாள் மட்டக்களப்புக் கோட்டை பணிந்தது.

ஐந்து நாட்கழித்து, மே 23இல், உடன்படிக்கை ஒப்பமாயிற்று. போர்ச்செலவை அரசன் கறுவா முதலிய விளைபொருள்களால் ஈடு செய்யவேண்டும். வணிகத்திற் பெரும்பகுதி ஒல்லாந்தர்க்கே உரியது. இவற்றினும் பெரும் பகை விளைத்தது மூன்றாம் பிரிவு. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது "அரசன் விரும்பின்" என்றது அரசன் கைப்பிரதி. ஒல்லாந்தப் பிரதியில் அத்தொடர் இல்லை. எழுத்தர் பிழையென்று இதனைக் கொள்வார் வெள்ளையுள்ளத்தினரே!

கரையில் வாழ்ந்தோரை எவர் கேட்டார்? போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுள் நாலாயிரவரை அரசனின் தந்தை செனரதன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது குவேறோஸ் பாதிரியாரின் கூற்று. இன்றைய கல்முனை, சம்மாந்துறை அடங்கிய அம்பாறை மாவட்டம் 1961இற் பிரிக்கப்படும்வரை அப்பகுதியோடு சேர்ந்ததே. தவள மாடுகளிற் சரக்கேற்றி மலைநாட்டுக்கும் கரைக்கும் நடந்தவர்க்கு, வணிகம் ஒரு கும்பனியின் தனியுரிமையாவது சிறு செய்தியன்று.

அரசன் ஏமாற்றத்தை விரைவில் உணர்ந்தான். 1640இற் காலிக்கோட்டையை வென்ற கொஸ்டர், அதனை அரசனிடம் ஒப்படையாது கண்டிக்குச் சென்று பிணங்கி, கீழ்க்கரைக்கு மீளும் வழியிற் கொலையுண்டான். மட்டக்களப்புக் கோட்டையை 1643இல் இடித்தபின்பே ஒல்லாந்தர் அரசனுக்கு விட்டனர். 1668இல் அவ்விடத்தை மீண்டும் தாமே பிடித்துக்கொண்டனர்.