பரிசுக்கு ஒரு உச்சவரம்பு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். அவன் மகளே இப்போது ஆறாம் வகுப்பு. குரலில் ஒரே படபடப்பு. "டீச்சர், டிவி வினாடி வினா நிகழ்ச்சியில என் நம்பருக்கு 25 லட்சம் விழுந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. வரி மட்டும் முன்னாடியே கட்டணுமாம். வலைக்கு வெச்ச காசு இருக்கு, கட்டிடட்டுமா?" என்றான். கட்டாதே என்று மூன்று முறை சொன்னேன். "அப்போ டிவில ஜெயிக்கிறவங்க வரி கட்டறது இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. போனில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் நடத்திய நிகழ்ச்சி தொடங்கியது. உச்சப் பரிசு ஒரு கோடி. அந்தச் சூட்டிலேயே சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். மறுநாள் வகுப்பில் வேறு பேச்சே இருக்காது. சரி, இதை வைத்தே பாடம் நடத்தலாம் என்று வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் நாங்களும் ஆடினோம். என் நாற்காலிதான் ஹாட் சீட். சரியான பதிலுக்கு ஒரு கலர் சாக்பீஸ். நான்காம் வாரத்திலேயே சிக்கல். ஒரே பையன் எல்லாச் சாக்பீஸையும் அள்ளிக்கொண்டு போனான். மற்றவர்கள் கை தூக்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒருவருக்கு மாதத்துக்கு ஐந்துதான் என்று வரம்பு வைத்தேன். அந்தப் பையன் அழுதான். அவன் அம்மா வந்து, "தெரிஞ்சு சொல்றவனை ஏன் டீச்சர் தடுக்கிறீங்க?" என்று கேட்டார். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இதே கேள்வியை ஒரு தேசமே கேட்டிருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சுதந்திரத்துக்குப் பின் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் வியாபாரமாக இருந்தன. நுழைவுக் கட்டணம் கட்டி, கட்டங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். எது 'சரி' என்பது நடத்துகிறவர் கையில். பேர்தான் அறிவுப் போட்டி, உள்ளே இருந்தது சூதாட்டம். மதராஸ் உள்ளிட்ட சில மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில், 1955-இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் கொடுக்கும் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் வாங்கக் கூடாது, உரிமமும் வேண்டும். என் சாக்பீஸ் சட்டத்துக்கு அண்ணன் மாதிரி!

பெங்களூரிலிருந்து போட்டி நடத்திவந்த சமர்பாக்வாலா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1957 ஏப்ரலில் தீர்ப்பு. எழுதியவர் நம் ஊர்க்காரர், நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். (சங்கீதம் தெரிந்த உறவினர்களுக்காக: தீட்சிதர் கீர்த்தனைகளை டி.கே. பட்டம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர்தான்.) சட்டம் செல்லும், ஆனால் அது சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளைத்தான் கட்டுப்படுத்தும், திறமையைப் பெரிதும் நம்பியிருக்கும் போட்டிகளை அல்ல என்பது தீர்ப்பு. தெரிந்து சொல்கிறவனைத் தடுக்காதே, குருட்டு யோகத்துக்குக் கடிவாளம் போடு என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த அம்மா கேட்டதும் இதைத்தானே!

அமெரிக்காவில் வரம்பு வந்தது வேறு காரணத்தால். 1950-களில் 'ட்வென்ட்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் 1,29,000 டாலர் வென்று ஊரே கொண்டாடும் ஆளானார். 1959-இல் நாடாளுமன்றக் குழு முன்னால், பதில்களை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதை ஒப்புக்கொண்டார். ஒரு வாத்தியார் இப்படிச் செய்தாரே என்று எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. பரிசு பெரிதானால் தில்லுமுல்லும் பெரிதாகும் என்ற பயம் அந்த ஊழலுக்குப் பின் தங்கிவிட்டது. 1970-களில் சிபிஎஸ் நிறுவனம் 25,000 டாலரைத் தாண்டியவர் அடுத்த நாள் ஆட்டத்துக்கு வர முடியாது என்று வைத்திருந்தது. 'ஜெபர்டி' நிகழ்ச்சியில் ஐந்து நாள் வென்றால் விடை கொடுத்துவிடுவார்கள். 2003-இல் அதை எடுத்தார்கள். மறு ஆண்டே கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டம் வென்றார்.

பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பே தொகைக்கு வரம்பு வைத்திருந்தது. அமெரிக்காவின் '64,000 டாலர் கேள்வி' 1990-இல் அங்கே வந்தபோது உச்சப் பரிசு வெறும் 6,400 பவுண்டு! 1993-இல் வரம்பு நீங்கியது. 1998-இல் பத்து லட்சம் பவுண்டு நிகழ்ச்சி பிறந்தது. அதன் இந்தியப் பிள்ளைதான் அமிதாப் பச்சன் நடத்தியது.

ஆக, இங்கே 2000-இல் கோடி வந்தபோது தொகைக்குத் தடை போட யாரும் கிளம்பவில்லை. பதிலாக வரி வந்தது. 2001 நிதிச் சட்டம், தொலைக்காட்சிப் போட்டிகளையும் லாட்டரி, குதிரைப் பந்தயம் இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தது. 30 சதவீதம், மேலே கூடுதல் வரிகள். ஏழை, பணக்காரர் வித்தியாசம் கிடையாது; அடிப்படை வருமான விலக்கும் கிடையாது. 2011-இல் பீகாரின் சுஷில் குமார் ஐந்து கோடி வென்றார்; அவருக்கும் இதே கணக்குதான். 2020-இல் 'கோடீஸ்வரி'யில் காது கேளாத, பேச இயலாத மதுரைப் பெண்மணி ஒரு கோடி வென்றதைக் கண்ணீரோடு பார்த்தேன். திறமையால் வென்ற அந்தப் பணமும் சட்டத்தின் கண்ணில் லாட்டரிப் பணம். நீதிபதி ஐயர் கிழித்த கோடு வரிக் கணக்கில் இல்லாமல் போனது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி என் மாணவன் கேட்டதற்கு வருகிறேன். ரொக்கப் பரிசு என்றால் கொடுக்கிறவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். காராக, பொருளாகக் கொடுத்தால் மட்டும் வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும். முன்கூட்டி வரி என்ற ஏமாற்று நம்பும்படி இருப்பதற்கு இந்த அரை உண்மையே காரணம். அதோடு, ஆடாத ஆட்டத்தில் யாருக்கும் பரிசு விழாது. விழுந்தால் அது லாட்டரி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வரிசையாகச் சீட்டு தொங்கிய கடைகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இதையெல்லாம் மறுநாள் அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகுதான் சொன்னான்: என்னிடம் கேட்பதற்கு முன்பே 'பதிவுக் கட்டணம்' என்று 4,500 அனுப்பிவிட்டானாம். வெட்கப்பட்டு மறைத்திருக்கிறான். 1930-க்கு போன் செய்ய வைத்தேன், புகார் பதிவாகிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை. மகளுக்குத் தெரிய வேண்டாம் டீச்சர் என்றான். அதனால் பெயர் எழுதவில்லை.