கோவை மாவட்டத்தின் ஊர்க்கணக்கு

கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் நகரத்துக்கும் பத்தாண்டுக்கு ஒருமுறை அரசு ஒரு வரி எழுதுகிறது. எத்தனை வீடு, எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, உழுபவர் எத்தனை, ஆலைக்குப் போகிறவர் எத்தனை என்று அந்த ஒரே வரி நீள்கிறது. இந்த வரிகளைத் தொகுத்து வெளியிடும் நூல் மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு. 1951 கணக்கெடுப்பிலிருந்து இந்தியா முழுவதும் மாவட்டத்துக்கு ஒன்றாக இது வந்துகொண்டிருக்கிறது. பெரிய வரலாற்று நூல்களில் பெயரே இடம்பெறாத குக்கிராமக் கூட்டங்களுக்கும் தனித்த இடம் கொடுக்கும் ஆவணம் என்பதால், கொங்கு நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க முடியாத நூல் இது.

2011 கணக்குப்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,045. இவர்களில் 26,18,940 பேர் நகரவாசிகள். ஊரகத்தில் இருந்தவர்கள் 8,39,105 பேர் மட்டுமே. நான்கில் மூன்று பேர் நகரத்தில் வாழும் மாவட்டம் என்பது தமிழ்நாட்டிலேயே அபூர்வம். ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிசமம்: ஆண்கள் 17,29,297, பெண்கள் 17,28,748. முப்பத்து நான்கரை லட்சம் பேரில் வித்தியாசம் வெறும் 549.

கையேடு இரண்டு பாகங்களாக வரும். முதல் பாகம் ஊர் விவரப் பட்டியல்: பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர், தபால் நிலையம், பஸ், தார்ச்சாலை, மின்சாரம் ஆகியவை ஊரில் உண்டா, இல்லையென்றால் எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்பது அதில் இருக்கும். இரண்டாம் பாகத்தில் ஊர்வாரியாக ஆள் கணக்கு. பலரும் இரண்டாவதை மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆனால் ஊரின் உயிர் முதல் பாகத்தில்தான் இருக்கிறது. நிலப் பயன்பாட்டுப் பத்தியில் மொத்தப் பரப்பு எத்தனை ஹெக்டேர், அதில் காடு எவ்வளவு, தரிசு எவ்வளவு, பாசனம் கால்வாயிலா கிணற்றிலா குளத்திலா என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் தண்ணீர் கொடுக்கும் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களையும், கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கும் அன்னூர்ப் பக்கத்து ஊர்களையும் இந்தப் பத்தியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டு வேளாண்மைகளும் கண்முன் நிற்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம் வறண்ட பகுதியின் குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக வந்தது. அதனால் கிணற்றில் நீர் மட்டம் உயர்ந்ததா, சாகுபடிப் பரப்பு கூடியதா என்று ஊர் ஊராக ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு அடிப்படைக் கணக்கு இந்தப் பழைய பட்டியல்தான்.

கையேட்டில் ‘கிராமம்’ என்று அச்சாகியிருப்பது மக்கள் ஊர் என்று சொல்வது அல்ல. அது வருவாய்க் கிராமம். கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேட்டிலும் நில அளவைப் படத்திலும் எல்லை குறித்த நிலப்பரப்பு. கொங்குப் பகுதியில் அந்த எல்லைக்குள் பாளையம், பட்டி, புதூர், வலசு என்று பல குடியிருப்புகள் அடங்கிவிடும். இதோடு தோட்டத்துச் சாளைகள் வேறு. காவிரிக் கரை ஊர்களைப்போல இங்கே எல்லா வீடுகளும் தெருவில் வரிசையாக நிற்பதில்லை. பூமிக்காரர் அவரவர் கிணற்றடியில், தென்னைக்கும் சோளத்தட்டுப் போருக்கும் நடுவில் குடியிருக்கிறார். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் நாலு வேலி தாண்டிய நடை இருக்கும். கணக்கெடுக்க வரும் பள்ளி ஆசிரியர் கைப்பட வரைய வேண்டிய குறிப்பு வரைபடத்தில் இட்டேரியையும் மண் சாலையையும் கிணற்றையும் அடையாளம் வைத்துத்தான் வீடுகளுக்கு எண் போட முடியும். காட்டு வழியில் நாய்க்குப் பயந்து, ஆள் இல்லாத நேரத்தில் போய்த் திரும்பி, மறுபடி சாயங்காலம் போய் எழுதிய படிவங்களிலிருந்து வந்தவை அந்த எண்கள்.

மக்களை எண்ணும் வேலை இங்கே 1871-ல் முறையாகத் தொடங்கியது. சென்னை மாகாணம் முழுவதும் அந்த ஆண்டு எடுத்த கணக்கில் கோயம்புத்தூர் ஜில்லாவில் 17.6 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து, 1881-ல், அது 16.6 லட்சமாகக் குறைந்திருந்தது. இடையில் வந்தது 1876–78 பஞ்சம், தாது வருஷப் பஞ்சம். பிறப்பால் கூடியிருக்க வேண்டிய தொகை போக, இருந்தவர்களிலேயே ஒரு லட்சம் குறைந்தது என்றால் செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் எத்தனை பேர் என்பதைப் படிக்கிறவர் நெஞ்சு கனக்கத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டார் கதைகளிலும் கும்மிப் பாடல்களிலும் வாழும் தாது வருஷத்துக்கு அரசு ஆவணத்தில் உள்ள சாட்சியம் இந்த இரண்டு எண்களின் இடைவெளி. பிறகு ஜில்லா மீண்டு, 1901-ல் 22 லட்சத்தைத் தொட்டது.

நகரத்துக்கும் அப்படி ஒரு பள்ளம் உண்டு. 1901-ல் கோயம்புத்தூர் நகராட்சியில் 53,080 பேர் இருந்தார்கள். 1911 கணக்கில் அது 47,000 அளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் பிளேக். மீண்டும் மீண்டும் வந்த அந்தக் கொள்ளைநோய்க்குப் பயந்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார்கள். நகரத்தில் இன்றைக்கும் பூசை நடக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் மிச்சம். அதன்பின் நகரம் திரும்பிப் பார்க்கவில்லை. 1888-ல் ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து வேறு ஆலைகளும், 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரமும் வந்தன. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எண் ஏறிக்கொண்டே போனது.

ஆனால் இந்த ஏற்றத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்கள் கூடுவது ஒரு பக்கம், எல்லைக்கோடு நகர்வது இன்னொரு பக்கம். இரண்டும் கலந்த எண்ணைத்தான் கையேடு தருகிறது. 1971-ல் 3,56,368 ஆக இருந்த கோவையின் மக்கள்தொகை 1981-ல் 7,04,514. பத்தாண்டில் ஒரு நகரம் இயல்பாக இரட்டிப்பாவது அரிது. சிங்காநல்லூரும் சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்து மாநகராட்சி உருவானதன் விளைவு அது. 2011 மார்ச்சில் எண்ணி முடித்தபோது மாநகராட்சியில் 10,50,721 பேர். அதே ஆண்டு அக்டோபரில் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளும், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, சின்னவேடம்பட்டி, காளப்பட்டி ஆகிய பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் மாநகராட்சியோடு இணைந்தன. எண்ணப்பட்ட அதே மக்களைக் கொண்டு மாநகரின் தொகை ஏறத்தாழ 16 லட்சமாகிவிட்டது. கையேட்டில் மேற்சொன்ன ஊர்கள் எல்லாம் தனித்தனி வரிகளாகவே இருக்கின்றன. இன்றைய கோவையின் 2011 கணக்கு வேண்டுமானால் அந்த வரிகளைத் தேடிக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

மாவட்டத்தின் கதையும் இதேதான், திசை மட்டும் தலைகீழ். 2001-ல் 42,71,856 பேர் இருந்த மாவட்டத்தில் 2011-ல் 34,58,045 பேர். விவரம் தெரியாதவர் பார்த்தால் எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள் என்று திகைப்பார். 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது திருப்பூர், அவினாசி, பல்லடம், உடுமலைப் பகுதிகள் அதோடு போய்விட்டன. புதிய எல்லைக்குள் கணக்கிட்டால் 2001-ன் தொகை 29,16,620; ஆக உண்மையில் பதினெட்டரை சதவீத வளர்ச்சி. இதற்கு முன்பும் மாவட்டம் பலமுறை உடைந்திருக்கிறது. 1868-ல் நீலகிரி தனியானது. 1910-ல் கரூர் தாலுகா திருச்சிராப்பள்ளிக்குப் போனது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது, 1956-ல், கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்தது. 1979-ல் ஈரோடு, பவானி, கோபி, சத்தியமங்கலம், தாராபுரம் பகுதிகளைக் கொண்டு பெரியார் மாவட்டம் உருவானது. 1901-ன் ‘கோயம்புத்தூர்’ என்ற பெயரையும் 2011-ன் ‘கோயம்புத்தூர்’ என்ற பெயரையும் ஒரே வரைபடத்தில் நேர்க்கோட்டால் இணைக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. அந்தக் கோட்டுக்குப் பொருளே கிடையாது. ஊர்வாரிப் பதிவின் அருமை இங்கேதான் தெரியும். மாவட்டம் உடைந்தாலும் வருவாய்க் கிராமத்தின் எல்லை பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிராமங்களைக் கூட்டினால் எந்தக் காலத்து எல்லைக்கும் எந்தக் காலத்துக் கணக்கையும் திரும்பக் கட்டிவிடலாம்.

2011-ல் நாடு முழுவதும் கிராமங்களுக்கு ஆறு இலக்கக் குறியெண் கொடுத்தார்கள். மாநில எண் 33. மாவட்டங்களில் கோயம்புத்தூருக்கு 632, புதிதாகப் பிறந்த திருப்பூருக்குத் தமிழ்நாட்டுப் பட்டியலின் கடைசி எண்ணான 633. ஒரே பெயரில் பல புதூர்களும் பாளையங்களும் இருக்கும் வட்டாரத்தில் இந்த எண் இல்லாமல் ஊரை அடையாளம் காண்பது பெரும்பாடு.

கையேட்டில் இன்னொரு வகை ஊர் உண்டு: கணக்கெடுப்பு நகரம். சட்டப்படி அது ஊராட்சிதான். தலைவர், கிளார்க், சின்ன அலுவலகம், அவ்வளவுதான். ஆனால் மக்கள்தொகை குறைந்தது 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் என்று மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் கணக்கெடுப்புத் துறை அதை நகரமாக எழுதிவிடும். 2011-ல் தமிழ்நாட்டில் இருந்த 1,097 நகரங்களில் 376 இந்த வகை. பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துக் குருடம்பாளையம், பொள்ளாச்சியை ஒட்டிய ஆச்சிப்பட்டி எல்லாம் இதில் அடங்கும். பவுண்டரியும் லேத் பட்டறையும் விசைத்தறியும் அடுக்கு மாடிக் குடியிருப்பும் வந்தாயிற்று. சாக்கடைக்கும் குப்பை வண்டிக்கும் ஊராட்சியின் வரவுதான். இந்த ஊர்களின் அவலத்தை எண்ணாகப் பார்க்க முடிகிற ஒரே இடம் கையேடு என்று சொன்னால் மிகையாகாது. பொள்ளாச்சி நகராட்சி 2001-ல் 88,000-க்குச் சற்று மேல் இருந்து 2011-ல் 90,180 ஆனது. பார்த்தால் தேங்கிப்போன ஊர். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆச்சிப்பட்டியையும் சூளேஸ்வரன்பட்டியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொள்ளாச்சி எங்கே வளர்ந்தது என்று புரியும். திருப்பூரிலும் இதுவே நடந்தது. மாநகராட்சி 3.4 லட்சத்திலிருந்து 4.4 லட்சமானபோது, சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகரத்திரள் 5.5 லட்சத்திலிருந்து 9.6 லட்சத்துக்குப் பாய்ந்தது.

எல்லா ஊரும் ஏறுமுகம் அல்ல. வால்பாறை 2001-ல் 95,000 பேரை நெருங்கியிருந்தது. 2011-ல் ஏறத்தாழ 71,000. தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் மலையிறங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை ஆலைகளுக்கும் போனார்கள். எஸ்டேட் லைன் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பின்னர் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வந்து கொழுந்து பறிக்கத் தொடங்கினார்கள். வால்பாறை சட்டப்படி நகராட்சி. அதனால் சோலைக்காட்டை ஒட்டி யானை நடமாடும் லைனில் இருப்பவரும் கணக்கில் நகரவாசி. அவர் விவசாயத் தொழிலாளியும் அல்ல. தோட்டத் தொழிலைக் கணக்கெடுப்பு ‘பிற வேலை’ என்ற பத்தியில்தான் சேர்க்கிறது. விடியற்காலை முதுகில் கூடையோடு அட்டைக்கடிக்கு நடுவே கொழுந்து கிள்ளும் பெண், வங்கி ஊழியரோடு ஒரே பத்தியில் இருக்கிறார். இதை அறியாமல் ‘வால்பாறையில் விவசாயமே இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது.

1931 வரை கணக்கெடுப்பு ஒரே இரவில் நடந்தது. அன்றிரவு யார் எங்கே இருந்தாரோ அங்கே எழுதப்பட்டார். பிறகு அது சில வாரப் பணியானது. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எழுதி, வீடில்லாதவர்களை 28-ம் தேதி இரவு எண்ணி, மார்ச் முதல் வாரத்தில் சரிபார்த்தார்கள். உக்கடத்திலோ ரயில் நிலைய ஓரத்திலோ படுத்திருந்தவர்களுக்கும் அன்றிரவு ஒரு படிவம் நிரப்பப்பட்டது. தாய்மொழிக் கேள்விக்கு வந்த பதில்கள் கோவையின் உண்மை முகத்தைக் காட்டுகின்றன: தமிழோடு தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தலைமுறை தலைமுறையாக இங்கே வீட்டுமொழிகள்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலமெல்லாம் ரேஷன் ஒதுக்கீட்டிலிருந்து உள்ளாட்சி வார்டு வரையறை வரை 2011-ன் எண்களே ஆண்டன. 2011-ல் ஆறு தாலுகாக்கள் இருந்த மாவட்டத்தில் அன்னூர், கிணத்துக்கடவு, பேரூர், மதுக்கரை, ஆனைமலை சேர்ந்து பதினொன்றாகிவிட்டன. சரவணம்பட்டியில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. நீலாம்பூர் புறவழிச் சாலை ஓரத்துப் பூமியெல்லாம் சைட் போடப்பட்டது. அங்கே குடியேறியவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் குடிநீரும் திட்டமிடும்போது, அவர்கள் வருவதற்கு முந்தைய ஊரின் கணக்கை வைத்துத்தான் திட்டமிட வேண்டியிருந்தது. இது சின்ன அநீதி அல்ல.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து 2025 ஜூனில் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளும் பதிவாகும் கணக்கெடுப்பு இது. காகிதப் படிவத்துக்குப் பதில் கைப்பேசிச் செயலி. விரும்புகிற குடும்பம் தன் விவரத்தைத் தானே இணையத்தில் பதியவும் வழி உண்டு. இதற்காக ஊர் எல்லைகளும் ஒரு குறிப்பிட்ட நாளோடு உறையவைக்கப்படுகின்றன. அதற்குப் பின் எந்த ஊராட்சி எந்த நகராட்சியோடு சேர்ந்தாலும், கையேட்டில் அது பழைய பெயரில் பழைய வரியாகத்தான் இருக்கும்.