வீராங்கனை

லேக் மார்க்கெட்டில் வாழும் தமிழராகிய நமக்கு, வங்கமொழியின் ‘பீராங்கனா’ அந்நியச் சொல்லன்று. அது நம் ‘வீராங்கனை’யே. 1971-ஆம் ஆண்டுப் போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான மகளிர்க்கு வங்கதேச அரசு சூட்டிய பட்டம் அது. ஆயினும் ஊரார் நாவில் அப்பட்டமே வசையாயிற்று. விடுதலைப் போராளிகள் என்னும் தகுதியை அவர்களிற் சிலர் முதன்முதலாகப் பெற்றது 2015-இல்தான்.

பட்டத்தால் மாறாத பார்வை படத்தால் மாறுமோ? 1967-இல் கனடாவின் போகோ தீவு மக்களைப் படம்பிடித்த தேசியத் திரைப்பட வாரியத்தினர், அதனை முதலில் அம்மக்களுக்கே காட்டி, இசைவு பெற்றே பிறர்க்குக் காட்டினர். பங்கேற்புத் திரைப்படத்தின் முன்னோடி முயற்சி அது.

உற்றவர் குரலுக்கே முதலிடம் தந்தது லீசா காஸியின் ‘ரைசிங் சைலன்ஸ்’ (2018) ஆவணப்படமும். அதில் பீராங்கனாக்கள் தம் கதையைத் தாமே உரைக்கின்றனர். கேட்கும்போது, பழி கொடுமை செய்தவனுடையது என்பது நமக்குத் தெளிவாகிறது. அண்டை வீட்டாரின் அச்சொல்லை இனி அதன் முழுப்பொருளோடு உரைப்போமாக.