கொடியும் பெட்டியும் அலமாரியும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. படுக்கையறையில் நிற்கும் துணி அலமாரிக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் மாணவர்கள் வியப்படையக்கூடும். மக்கள் எதை உடுத்தனர், மாற்றுடை எத்தனை வைத்திருந்தனர், யார் காலில் செருப்பில்லை என்னும் செய்திகளெல்லாம் அந்த வரலாற்றில் அடங்கியுள்ளன.

முதலில் சொல்லை நோக்குவோம். அலமாரி என்பது தமிழ்ச் சொல்லன்று. 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், போர்ச்சுக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. அதைப் பூட்டும் சாவியும் அம்மொழிச் சொல்லே. இதனால் தமிழர் துணியை அடுக்கி வைக்க அறியாதவர் என்று கருதலாகாது. மதுரையின் அறுவை வீதியில், நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் பலநூறு அடுக்குகளாக மடித்து வைக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கடைவீதியில் அடுக்கு இருந்தது. எல்லார் வீட்டிலும் இருந்ததா என்பதே வினா.

பல்லடம் வட்டாரத்தில் நான் இளமையிற் கண்ட வீடுகள் இதற்கு ஓரளவு விடை கூறும். அன்றாடம் உடுத்தும் வேட்டியும் சேலையும் சுவரோரம் கட்டிய கொடியில் தொங்கும். கூறைச்சேலையும் பட்டு வேட்டியும் மரப்பெட்டியிலோ தகரப்பெட்டியிலோ இருக்கும். பூச்சி அரிக்காதிருக்க, உலர்ந்த வேப்பிலையை உள்ளே இடுவர். சரிகை ஒரே மடிப்பில் இற்றுப்போகாதிருக்க, அவ்வப்போது துணியை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பர். செருப்பு வாசற்படியைத் தாண்டாது. திண்ணையோரமே அதற்கு இடம். கொடி ஒன்று, பெட்டி ஒன்று என்னும் இவ்வொழுங்கு போதுமானதாக இருந்தது. அடுக்க வேண்டிய துணி குறைவாக இருந்ததே அதற்குக் காரணம்.

அந்தப் பெட்டியும் இல்லாதவர் நிலை என்ன? பீகாரின் சம்பாரண் பகுதியில் 1917-இல் நிகழ்ந்ததைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அழுக்கடைந்த சேலை உடுத்தியிருந்த பெண்கள் சிலரிடம், அதைத் துவைத்து உடுத்தாத காரணத்தைக் கேட்டறியுமாறு அவர் கஸ்தூரிபாய் அம்மையாரிடம் கூறினார். ஒரு பெண் அம்மையாரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். மாற்றுத்துணி வைத்த பெட்டியோ அலமாரியோ அங்கில்லை என்று காட்டினாள். உடுத்திய சேலை ஒன்றே உடைமையானால், அதை எவ்வாறு துவைப்பது என்று வினவினாள். ஏழையரின் ஆடையின்மையை எண்ணிய காந்தியடிகள் 1921 செப்டம்பரில் நம் மதுரையில் அரையாடை பூண்டார். பூட்டுத் தொழிலில் தொடங்கிய பம்பாய்க் கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923-இல். பூட்டி வைக்கத் துணி உள்ளவரும், உடுத்திக் களையத் துணி இல்லாதவரும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வாழ்ந்தனர்.

செருப்பின் வரலாறு இதனினும் கடுமையானது. துணியின்மைக்கு வறுமை காரணம். செருப்பின்மைக்கு வறுமை மட்டும் காரணமன்று. தோலைப் பதப்படுத்திப் பிறருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களே, அச்செருப்பை அணிந்து ஊர்த்தெருவில் நடக்கலாகாது எனத் தடுக்கப்பட்டனர். கொங்கு நாடும் இதற்கு விலக்கன்று. 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது; 1955-இல் அதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் வந்தது. ஆயினும், பொது இடத்தில் செருப்பணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பெயர் சுட்டியே எழுத வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில், நம் திருப்பூர் மாவட்டத்து மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள இராஜாவூரில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஏறத்தாழ 60 பேர் காலில் செருப்புடன் ஒரு தெருவில் நடந்தனர். அதுகாறும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த தெரு அது. அவர்கள் கடந்த தொலைவு சிறிது. கடந்த காலம் பெரிது.

இன்று பல்லடத்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. திருப்பூர்ப் பின்னலாடை கடல் கடந்து செல்கிறது. மாற்றுடைக்கு ஏங்கிய நாட்டில், அலமாரிக் கதவு மூடாத அளவுக்குத் துணி சேர்ந்த வீடுகளும் உள்ளன. அடுக்கும் முறை எளிது. அன்றாட உடை கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். பட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள். ஈரம் முற்றும் உலராத துணியை உள்ளே வைக்காதீர்கள். செருப்புக்கு அடித்தட்டோ வாசலோரமோ தகும். ஓராண்டாகத் தொடாத ஆடை நல்ல நிலையில் இருந்தால், அது தேவைப்படுபவருக்குச் சேரட்டும்.

அடுக்கி முடித்தபின் மற்றொரு பணியும் உண்டு. உங்கள் வீட்டு முதியவரை அணுகி, “உங்கள் சிறு வயதில் மாற்றுடை எத்தனை இருந்தது? முதன்முதலாகச் செருப்பணிந்தது எப்போது? எந்தத் தெருவில் அதைக் கழற்ற நேர்ந்தது?” என்று கேளுங்கள். அவர் கூறும் விடையைத் தேதியிட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். பாடநூலில் இடம்பெறாத வரலாறு அதுவே.